தாசில்தாரின் சால்வைக்குள் ஒரு கழுதை

புதுக்கோட்டையில் பாதிப் பேருக்குக் கழுத்துச் சுளுக்கு வந்ததற்கு ஒரே மனிதர்தான் காரணம். கீழ ராஜ வீதியில் போர்டு எழுதிய பெயிண்டர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'கவுத்துப்பாரு' என்று எழுதினால் தபால்கூடப் போய்ச் சேரும்.

ஒரு படத்துக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காப்பிக் கடைக்கு ஆவி பறக்கும் டம்ளர் வரைந்தார். எதிர்ச்சாரியில் நின்று தலையைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்த ஆவி, குழாயடியில் நிற்கும் பசுமாடு. முதலாளி அழித்துவிட ஏணியோடு கிளம்பினார். மாட்டைப் பார்க்க வந்த கூட்டம் காப்பியும் குடிப்பதைக் கண்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. தாலுகா ஆபீஸில் நான் தற்காலிகக் குமாஸ்தா. வேலை நிரந்தரமானால்தான் முகூர்த்தம் என்று மணமேல்குடியில் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதற்கான காகிதமோ தாசில்தார் மேஜையில் ஆறு மாதமாகத் தூங்கியது. அதற்குள் அவருக்கு மாற்றல். பிரிவுபசாரத்துக்கு அவர் படத்தை வரையச் சொல்லும் பொறுப்பு எனக்கு. போயும் போயும் கவுத்துப்பாருவிடம் கொடுத்தேன். என் ஜாதகம் அப்படி.

"இதுல ஒண்ணும் ஒளிச்சுறாதீங்க. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குக் கல்யாணம்."

"இன்னும் போடலையாக்கும்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விழாவன்று காலை படம் வந்தது. தாசில்தார் கம்பீரமாக இருந்தார். தலைமைக் குமாஸ்தா கவிழ்த்துப் பார்த்து அலறினார்: "ஏய்யா, சால்வை மடிப்புக்குள்ள கழுதை நிக்குதுய்யா!"

பெயிண்டர் கடைக்கு ஓடினேன்.

"அது கழுதை இல்லைங்க. நல்லாப் பாருங்க."

"நீளமா ரெண்டு காது இருக்கே!"

"காது அப்பிடித்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

வேறு படத்துக்கு நேரமில்லை. சாயங்காலம் அதையே கொடுத்தோம். தாசில்தாரும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவர்தானே, வாங்கியதும் கவிழ்த்தார். எனக்கு மணமேல்குடி கடலோடு போய்விட்டதாகத் தோன்றியது.

"தம்பி, இங்கிட்டு வாங்க. ஃபைலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இதுல நிக்கிறது நீங்கதானே?"

உற்றுப் பார்த்தேன். தொங்கிய முகம், விடைத்த காது. சந்தேகமே இல்லை.

"நான்தான் சார்."

"எம்புட்டு நாளா நிக்கிறீங்க?"

"ஆறு மாசமா சார்."

மாலை குலுங்கச் சிரித்தவர், காகிதத்தை அங்கேயே வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்குக் கவுத்துப்பாரு வந்திருந்தார். மணமேடையில் எங்கள் இருவரையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எப்பிடிப் பார்த்தாலும் பொருத்தம்தான்" என்றார். என் மனைவி அதை இன்றுவரை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதம் எனக்கும் மாற்றல் வந்தது. ஆபீஸில் என் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கவுத்துப்பாரு காலமாகி நாலு வருஷம் ஆயிற்று என்று தெரிந்தும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

தலைகீழாக நான் மட்டும் நின்றேன்.