நீல முதுகு ஆய்வுக் குழு

மனித அறிவு எட்டிய உச்சங்கள் உலக வரலாற்றில் மிகச் சில. அவற்றுள் ஒன்று, முர்ரே ஆற்றங்கரைக் கூராபின் என்ற ஊரில், சென்ற ஜூன் மாதம், புல்வெளியில் பந்து உருட்டி விளையாடும் கிளப்பின் பின்புறம் எட்டப்பட்டது. இதை உலகம் கவனிக்கவில்லை. உலகத்துக்கு எப்போதும் இதே வேலைதான்.

கிளப்பின் பின்னால் ஒரு பெரிய முட்புதர். அதில் தேவதைச் சிட்டுகள் குடியிருந்தன. கட்டைவிரல் அளவு உடம்பு. வால் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் ஊர் கவுன்சிலுக்குக் கார் நிறுத்துமிடம் வேண்டியிருந்தது. சட்டம் தெளிவாக இருந்தது. சிட்டு, எங்கும் கிடைக்கிற 'மேட்டுக் கிளையினம்' என்றால் புதரை வழித்தெறியலாம். அருகிவரும் 'ஆற்றுக் கிளையினம்' என்றால் ஒரு முள்ளைக்கூடத் தொடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண் சிட்டின் முதுகில் இருந்தது. மேட்டுச் சிட்டுக்கு நீலம், ஆற்றுச் சிட்டுக்கு ஊதா கலந்த நீலம். இதைத் தீர்மானிக்க ஆறு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது.

கூட்டக் குறிப்பெழுத கவுன்சில் அலுவலகத்திலிருந்து லாரெய்ன் அனுப்பப்பட்டாள். நாலு வருடமாக மதியச் சாப்பாட்டை அந்தப் புதரோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். ரொட்டித் துணுக்குக்காகச் சிட்டுகள் அவள் செருப்பு நுனி வரை வரும். நீலமோ ஊதாவோ, அவளுக்கு அவை அங்கேயே இருந்தால் போதும். குழு காப்பாற்றிவிடும் என்று அவள் மனதார நம்பினாள்.

கவுன்சிலின் நிதியாண்டு ஜூன் முப்பதோடு முடிவதால் அதற்குள் தீர்மானம் வந்தாக வேண்டும். ஆனால் தென்கோளத்தில் ஜூன் என்றால் குளிர்காலம்; அந்தக் குளிரில் ஆண் சிட்டுகள் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண்களைப் போலப் பழுப்பாகிவிடும். பறவைகளின் இந்த 'ஒத்துழையாமை' குறித்துக் குழுத் தலைவர் கிளைவ் பென்ஹால் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அவர். ஊர்ப் பறவைச் சங்கத்துக்கும் அவரே தலைவர். வசந்தம் வரை காத்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அவரை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் லாரெய்ன் வாயைத் திறந்தாள். "ஒரே ஒரு கிழட்டு ஆண் மட்டும் நிறம் மாறாம நீலமாவே இருக்குதுங்க. நான் காட்டுறேன்."

குழு பெயிண்ட் கடையிலிருந்து வண்ண அட்டைகளை வாங்கிக்கொண்டு புதருக்குப் புறப்பட்டது. கிழவர் உள்ளே ஒரு கிளையில், சொன்னபடி நீலமாகவே, உட்கார்ந்திருந்தார்.

"இது சுத்தமான நீலம்," என்றார் கிளைவ்.

"ஊதா," என்றார் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து குழுவுக்கு வந்திருந்த டாக்டர் இமோஜென். "நீங்க நிழல்ல பாக்குறீங்க."

"நீங்க கூலிங் கிளாஸ் வழியா பாக்குறீங்க, டாக்டர்."

கிளப்பின் புல்வெளியைப் பராமரிக்கும் நெவில் தூரத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உதவும் குணம் அவனுக்குப் பிறவிக் குணம். கையில் புதர் வெட்டும் எந்திரமும் இருந்தது.

"வெளிச்சம்தானே பிரச்சினை? முன்னால ரெண்டு கிளைய எடுத்துட்டா போதும். ரெண்டு நிமிஷ வேலை."

"அது கூடு கட்டுற இடம்ங்க," என்றாள் லாரெய்ன்.

"அதுங்க நல்லதுக்குத்தானம்மா செய்யுறோம்," என்றார் கிளைவ். "நீ அட்டையப் பிடி."

அவள் பிடித்தாள். இரண்டு கிளை விழுந்தது. பறவை இன்னும் உள்ளே போனது. விஞ்ஞானமும் பின்தொடர்ந்து உள்ளே போனது. திங்கட்கிழமை கிழக்குப் பக்கம், புதன்கிழமை மேற்குப் பக்கம் என்று வெளிச்சம் நாளுக்கு நாள் பெருகியது. லாரெய்ன், ஊதா என்று ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கை வலிக்க அட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இருபத்தெட்டாம் தேதி கடைசிக் கிளையும் போனது. ஒதுங்க இடமில்லாமல் கிழவர் வேலிக் கம்பியில் வந்து உட்கார்ந்தார். முழு வெயில், மறைக்க ஒரு இலை இல்லை. ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஊதா. அருகிவரும் ஆற்றுக் கிளையினமேதான். இனி அந்தப் புதரை யாரும் தொட முடியாது. எல்லோரும் கைதட்டினார்கள். லாரெய்னும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

டாக்டர் இமோஜென் நேர்மையான விஞ்ஞானி. கண்ணால் காணாத எதையும் எழுத மாட்டார். அறிக்கையில் எழுதினார்: 'வாழிடம்: திறந்த வெற்றுத் தரை.' கவுன்சில் அதை எழுத்துக்கு எழுத்து மதித்தது. அரிய பறவைக்கு வெற்றுத் தரை அவசியம் என்பதால், ஒரு புல்லும் முளைக்காதபடி ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்த உத்தரவிட்டது. அதன் மேல் கார்கள் நிற்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பறவைப் படம் போட்ட பலகை வைத்து, தொத்திறைச்சி சுட்டுக் கொடுத்துத் திறப்பு விழாவும் நடந்தது. பறவைகள்தான் வரவில்லை. விழாவுக்குப் பிறகு லாரெய்ன் ரொட்டியோடு நாலு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கே போவதை விட்டுவிட்டாள்.

ஜூலைக் கூட்டத்தில் நிறைவுக் குறிப்பை வாசிக்கும்படி கிளைவ் சொன்னார். லாரெய்ன் எழுந்து வாசித்தாள்.

"நிறத்தைச் சரியாகக் கண்டவர்கள், குழுவினர் ஆறு பேர். புதரை அழித்தவர்கள், அந்த ஆறு பேரும், அட்டை பிடித்த லாரெய்னும். ஆக ஏழு பேர்."

குறிப்பில் ஏதாவது திருத்தம் உண்டா என்று, முறைப்படி, கிளைவ் கேட்டார்.

டாக்டர் இமோஜென் கையைத் தூக்கினார். "எட்டு பேர். நெவில விட்டுட்டீங்க."

திருத்தம் ஏற்கப்பட்டது. குறிப்பு ஏகமனதாக நிறைவேறியது.