நான் சுமந்து போன ஏரி

படித்தவனைவிட மனப்பாடம் செய்தவன் ஆபத்தானவன். நான் இரண்டாவது ரகம். புவியியலில் முதுகலை முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். (வெயிலுக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது.) "தம்பி என்ன பண்ணுதான்?" என்று கேட்பதற்கென்றே சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

அப்போதுதான் ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஆற்றங்கரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும், பிடித்தால் வேலை. இதுவும் போனால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது.

பெரிய ஏரிகளில் நீர் எப்படிச் சுழல்கிறது என்பதை எடுத்துக்கொண்டேன். வெயிலில் மேல்நீர் சூடாகி லேசாக மிதக்கும், குளிர்ந்த நீர் கனமாக அடியில் கிடக்கும். குளிர்காலம் வந்தால் மேல்நீரும் குளிர்ந்து, கனத்துக் கீழே இறங்கும். அடிநீர் மேலே ஏறும். மொத்த ஏரியும் புரண்டு படுக்கும். இதைக் கண்ணாடித் தொட்டியில் காட்டுவதாகத் திட்டம். நீல மை கலந்த ஐஸ்கட்டியை ஓரமாகப் போட்டால், உருகும் நீலம் இறங்கி, அடிவழியாக மறுகரைக்கு ஓடும். வீட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து பார்த்தேன். அது ஓடிய அழகைப் பார்த்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத் தண்ணீர் கலங்கலாக இருந்து மானத்தை வாங்கிவிட்டால்? தண்ணீரையும் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன். தாமிரபரணிக் கரைக்குத் தண்ணீர் சுமந்து போன அறிவாளி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவிடம் நான்கு குடம் கேட்டேன்.

"ஏலே, குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. நல்ல தண்ணிய வேடிக்கை காட்டவா கேக்க? கடல் எதுக்குக் கிடக்கு, அங்கன போய் மோந்துக்கோ."

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரை வேறு காரியத்துக்குத் தொடுவது பாவம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடல் நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தண்ணீர்தானே!

வகுப்பில் தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கையை உயர்த்தி, "இப்போது நீலம் கீழே இறங்கும்" என்று அறிவித்தேன். நீலம் இறங்கவில்லை. மேலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. பெரிய ஏரிகள் நிதானமாகத்தான் இயங்கும் என்று சமாளித்தேன். பேனாவால் ஐஸ்கட்டியை அமுக்கினேன். அது ரோஷத்தோடு எகிறி, முன்வரிசைச் சிறுமியின் முகத்தில் தண்ணீர் தெளித்தது. அவள் உதட்டை நக்கிப் பார்த்தாள்.

"மிஸ், இது கடத்தண்ணி."

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். தொட்டியில் விரல் விட்டு நாக்கில் வைத்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "தம்பி, இந்த ஏரிய எங்கன பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பீச்ல, மேடம்."

வகுப்பே சிரித்து முடித்த பிறகு அவர்தான் பாடத்தையும் முடித்து வைத்தார். உப்புத் தண்ணீர் கனம். ஐஸ் உருகி வருவது நல்ல தண்ணீர், அது எவ்வளவு குளிர்ந்தாலும் கடல்நீருக்கு மேல்தான் மிதக்கும். முதுகலையில் இதை நானும் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை. அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அம்மாதான் சும்மா இருக்கவில்லை. யோசனை தன்னுடையது என்பதை மட்டும் கவனமாக விட்டுவிட்டு, எல்லா விசேஷ வீட்டிலும் இந்தக் கதையைச் சொன்னாள்.

இப்போது நான் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிறேன். நல்ல வியாபாரம், கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் மாமனார் வீட்டில் நான் கேனை இறக்கி வைத்தால் ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள். மாமியார் முதல் டம்ளரைப் பிடித்து என்னிடமே நீட்டுவார்.

"நீங்க குடிங்க மாப்ள, பொறவு நாங்க குடிக்கோம்."