ஒரு நாற்காலியில் இருவர்

டிபன் பாக்ஸுக்குப் பூட்டுப் போட்ட மனிதர் நாகர்கோவில் வரலாற்றிலேயே ஒருவர்தான். எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் மூத்த புரோகிராமர். மேசை டிராயர், செருப்புப் பை, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். இடுப்பில் சாவிகள் குலுங்க அவர் வரும்போது, கோயில் யானை என்று நினைத்து வாசலுக்கு ஓடியவர்கள் உண்டு. எங்களுக்கு அவர் பூட்டு அண்ணன்.

2008 ஆவணியில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் கொடுத்திருந்தோம். கூட்டம் சேர்ந்தால் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். தலை துவட்டத் துவர்த்து வாங்கியவருக்கு முகூர்த்தப் பட்டின் பில் வரும்.

டேட்டாபேஸுக்குப் போய்வரச் சில இணைப்புகள் பொதுவில் இருக்கும். ஒவ்வொரு கவுண்டரும் காலியான ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். நெரிசலில் ஒரே இணைப்பு இரண்டு கவுண்டர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எழுதியவள் புதுக்கடை ஜெஸி, வேலைக்குப் புதிது. "திங்கட்கிழமை சரியாகலைன்னா நீ வரண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஜெஸி கண்ணைத் துடைத்தாள். "கரையாத மக்கா, நான் பூட்டித் தாறேன்" என்றார் அண்ணன்.

பூட்டினார். ஒரு கவுண்டர் பில் போட்டு முடிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். தவறான பில் வருவது நின்றது; பில் வருவதும் ஏறக்குறைய நின்றது. வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டு, பஸ்ஸுக்கு நின்ற சிலர் கடைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"முந்தியதே கொள்ளாம் அண்ணே. தப்பான பில்லாவது கிடைச்சு" என்றாள் ஜெஸி.

ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரத்தில் அலுவலக நண்பரின் தங்கைக்குக் கல்யாணம்; எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் ஒருவர் மோருக்கு வந்ததுமே அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் போய் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் எழுந்தார். இடப்பக்கமிருந்து பூட்டு அண்ணன் பாய்ந்தார். வலப்பக்கமிருந்து அஞ்சுகிராமத்துப் பெரியவர் ஒருவர். அண்ணன் உட்கார்ந்தது பெரியவரின் மடியில்.

"நான் பாத்து வச்ச எடம்லா இது" என்றார் பெரியவர்.

"நானும் காலியான்னு பாத்துட்டுத்தான் வந்தேன்" என்ற அண்ணனின் முகம் மலர்ந்தது. "ஏட்டி ஜெஸி, நம்ம தப்பு கிட்டியாச்சு கேட்டியா. நான் பாத்ததுக்கும் இருந்ததுக்கும் நடுவுல இவரும் பாத்திருக்காரு."

"சரி அண்ணே, மொதல்ல அவரு மடியில இருந்து எழும்புங்க."

சத்தம் கேட்டுக் கல்யாணப் பெண்ணின் தாய்மாமா வந்து, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இடம் காட்டி உட்காரவைத்தார். உட்கார்ந்தவர்கள் சேர்ந்து சாப்பிட்டார்கள். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பாட்டைப் பூட்டப்பிடாது மக்கா. எடம் பிடிக்கத மட்டும் பூட்டினாப் போதும்."

பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குக் கிளம்பினார். திருத்தத்தை ஜெஸியே எழுதினாள். காலியா என்று பார்ப்பதும் எடுப்பதும் இனி ஒரே வேலை, அதற்கு மட்டும் பூட்டு. எடுத்தவுடன் அடுத்தவருக்கு வழி. திங்கட்கிழமை கடை நிறையக் கூட்டம். துவர்த்துக்குத் துவர்த்தின் பில்லே வந்தது. முதலாளி பாராட்டவில்லை, அடுத்த கடையின் வேலையையும் ஜெஸியிடமே கொடுத்தார்.

அண்ணன் பிறகு மஸ்கட் போய்விட்டார். ஆள் வராத நாற்காலியைப் பிடித்து வைப்பது அவருக்கு அறவே ஆகாது. ஆனாலும் ஊரில் கல்யாணம் என்றால், என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைக்கிறேன்.