துரோகியைக் காட்டிய வெற்றிலை

எழுபத்தேழாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, உத்திரமேரூர் வட்டாரத்தில் யாருக்கும் மூளை தேவைப்படாமல் போயிற்று. மாகறல் சாலையில் கொட்டகை போட்டிருந்த தெப்பச் சாமியாரிடம் ஒரு வெற்றிலை இருந்தது. எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது.

காணாமல் போன மாடு எந்தத் திசையில்? மாப்பிள்ளை எந்த ஊரில்? கிணறு எங்கே வெட்டுவது? சாமியார் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்புவார். வெற்றிலையைக் கிள்ளி, காம்புப் பக்கம் ஒரு கற்பூரத் துணுக்கைச் செருகி மிதக்க விடுவார். யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், இலை தானாக நகரும். நுனி போகிற திசையே பதில். காஞ்சிபுரத்திலிருந்து வருகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாடு கிடைத்தவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். கிடைக்காதவர்கள் தங்கள் பக்தி போதவில்லை என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் கட்சிக்கு ஒரு கஷ்டம் வந்தது. அது பகுத்தறிவு பேசுகிற கட்சி. ஆபீஸ் சுவரிலேயே 'மூடநம்பிக்கை ஒழிக' என்று எழுதியிருக்கும். அந்தச் சுவருக்குள் இரண்டு கோஷ்டி. ஒன்றியச் செயலாளர் தாண்டவராயன், மானாம்பதியில் நிலபுலன் உள்ளவர். நகரச் செயலாளர் கன்னியப்பன், நெல் மண்டியும் பத்துக் காணி வயலும் வைத்திருப்பவர். இருவருக்கும் எம்.எல்.ஏ. சீட்டு வேண்டும். மூன்று வருஷமாக ஒருவர் ஏறிய மேடையில் இன்னொருவர் ஏறுவதில்லை. மைக்செட்கூடத் தனித்தனி.

தாண்டவராயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாமியாரிடம் போனார். இலை அவர் பக்கம் வந்தது. மறுநாள் கன்னியப்பன் போனார், கொள்கை காரணமாகப் பின்பக்க வழியாக. இலை அவர் பக்கமும் வந்தது. இரண்டு பேரும் சுவரொட்டி அடித்துவிட்டார்கள்.

ஒரே சீட்டுக்கு இரண்டு பேரைப் பொறுக்கிவிட்ட தெய்வம் இப்போது தப்பிக்க வழி பார்க்க வேண்டியிருந்தது. சாமியார் இருவருக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்: "உங்க கட்சிக்குள்ள ஒரு துரோகி கீறான். அவன் இருக்கிற வரைக்கும் சீட்டு மெட்ராஸை விட்டுக் கெளம்பாது."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கோஷ்டியும் ஒன்று சேர்ந்தன. துரோகி யார் என்பதில் ரொம்ப யோசனை தேவைப்படவில்லை. காலனிக் கிளைச் செயலாளர் வேதகிரி, போன அறுவடையில் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கூலி கேட்டவர். தாண்டவராயன் களத்திலும் கேட்டார், கன்னியப்பன் களத்திலும் கேட்டார். கட்சியில் கோஷ்டி பார்க்காத ஒரே ஆள் அவர்தான். அவருடைய பெயர் சாமியார் காதில் போடப்பட்டது.

வேதகிரி பதினெட்டு வருஷம் கட்சிக்குச் சுவர் எழுதியவர். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். துரோகி என்று ஆகிவிட்டால் கட்சி அட்டை மட்டும் போகாது. அவரையும் மனைவி அம்முலுவையும் சுற்றுவட்டாரத்தில் யாரும் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். மூன்று பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்சி ஆபீஸ் கூடத்தில் தாம்பாளத்தை வைத்தார்கள். 'மூடநம்பிக்கை ஒழிக' மேல் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். நூறு பேர் சுற்றி நின்று குனிந்தார்கள். சாமியார் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, இலையை விட்டார். அது மெல்ல நகர்ந்து வேதகிரி நின்ற பக்கம் போய் விளிம்பில் முட்டியது.

"அட்டைய குடுத்துட்டுப் போ வேதகிரி. நான் சொல்லல, தெய்வம் சொல்லுது" என்றார் தாண்டவராயன்.

"ஆமா, இதுல எங்களுக்கு இன்னா கீது?" என்றார் கன்னியப்பன்.

வேதகிரி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். "ஜெயில்லகூட இத்த என்கிட்டேருந்து புடுங்கல தலைவரே..."

வாசலில் நின்றிருந்த அம்முலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சாமி, இன்னொரு தபா உடுங்க. நுனிய அந்தாண்ட திருப்பி வச்சி உடுங்க."

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது தாயே."

"தெய்வத்த யாரு சோதிச்சாங்க? வெத்தலையத்தான திருப்பறேன்."

அவளே இலையை எடுத்துத் திருப்பி வைத்தாள். இலை நேராகத் தாண்டவராயனிடம் போனது. அவர் இரண்டடி தள்ளி நின்றார். கன்னியப்பன் ஆட்கள் துள்ளினார்கள்: "பாத்தியா! தெய்வம் பொய் சொல்லாது!"

அம்முலு மறுபடி திருப்பினாள். இலை கன்னியப்பனிடம் போனது. இப்போது தாண்டவராயன் ஆட்களுக்குப் பக்தி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அம்முலு அவர்களைக் கவனிக்காமல் நுனியைச் சாமியார் பக்கம் வைத்தாள். இலை அவரிடமும் போனது.

"இன்னா சாமி, நீயும் துரோகியா?"

யாரோ சிரித்தார்கள். அவள் வேறொரு வெற்றிலையை எடுத்து, கற்பூரம் இல்லாமல் மிதக்கவிட்டாள். நூறு பேர் காத்திருந்தார்கள். இலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எல்லாம் கற்பூரம் பண்ற வேல. என் ஆடு காணாம போனப்ப இவருக்கு ஒரு படி அரிசி குடுத்துட்டு, இலை காட்னாப்பல கெழக்கால ஓடினேன். அது மேற்கால பட்டியில கட்டிக் கெடந்தது. அப்பறம் வூட்ல குண்டான்ல தண்ணி ஊத்தி நானே உட்டுப் பாத்தேன். எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் அந்தப் பக்கம் போவுது. தண்ணியில ஒரு சொட்டு எண்ணெ ஊத்துங்க, உங்க தெய்வம் அப்பிடியே நின்னுடும்."

விளக்கிலிருந்து ஒரு சொட்டு ஊற்றினார்கள். கற்பூரத்தோடு விட்ட இலையும் நின்றுவிட்டது. சாமியார் நிற்கவில்லை. ஆனால் வாசலில், மாடு கிடைக்காதவர்கள் பத்துப் பேர் வெட்கத்தை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

தாண்டவராயன் தொண்டையைக் கனைத்தார். "சரி வேதகிரி, அட்டைய நீயே வச்சிக்க. நடந்தத மறந்துடு."

"அட்டை இருக்கட்டும் தலைவரே. அந்த ஒரு மரக்கா நெல்லு?"

இரண்டு தலைவர்களும் மறுபடி ஒற்றுமையாகத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

நூறு பேர் குனிந்து, இலை எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அதை வைத்த கையைப் பார்த்தவள் ஒருத்திதான். வாக்காளப் பெருமக்களே, தேர்தல் வருகிறது. குனிந்தது போதும்.