மஞ்சள் குடைக்காரர் காட்டிய வீடு

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீங்கள் நால்வரும் சுகமாயிருக்கத் தினமும் சாமியிடம் சொல்கிறேன். அவருக்கும் இதற்குள் மனப்பாடமாகியிருக்கும்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, கவலையை விடு. வீடு கிடைத்தாயிற்று. பழைய கடைத்தெருவில் வாடகை வீடு காட்டுவதாகச் சொன்ன தரகர், மணிக்கூண்டுக்குக் கீழே நிற்கச் சொல்லியிருந்தார். போனால் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர். சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லாரும் நமக்குப் போட்டி என்று புரிந்துகொண்டு முதல் ஆளாக அவர் பின்னால் நடந்தேன். கயிற்றுக் கடை, பூட்டுக் கடை, மிளகு மூட்டை எல்லாம் தாண்டி, தூக்கத்தில் நடப்பதுபோல் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தோம். அடியே, நிறக் கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது. மிதிக்க மனம் வராமல் செருப்பைக் கழற்றினேன். என்னைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். அந்தக் காலத்தில் அங்கே மிளகும் கிராம்பும் ஏலம் போட்ட கதை ஏதோ அவர் சொல்ல, உன் கட்டிலை எந்தத் தூணோரம் போடலாமென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி வசதி எப்படிங்க?"

"நல்ல கேள்விம்மா. பின்னாடி கிணறு இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மூடிட்டாங்க."

"அப்ப குளிக்கிறதெல்லாம்?"

"அதைப் பத்திக் குறிப்பு எதுவும் கிடைக்கலம்மா."

நேர்மையான மனிதர். வேறு தரகராயிருந்தால் வாசலில் ஆறு ஓடுகிறது என்பார்.

மாடியில் சுவரெல்லாம் கிராம்பு வாசனை. கீழே சந்தை இரைவது கடல் மாதிரி கேட்கிறது; நின்றால் நின்றுகொண்டே இருக்கலாம். படி இருபத்திரண்டு, சன்னல் பதினொன்று, நோட்டில் குறித்திருக்கிறேன். திரைத் துணியை மறக்காதே. பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக்காரியிடம், "சுவத்துல ஈரம் ஏறுது, பிள்ளைங்களுக்கு ஆகாது" என்று மெதுவாகப் போட்டுவைத்தேன். பாவம், எழுதிக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் யாருங்க?"

"அரசாங்கம்தாம்மா."

இனி உன்னை யாரடி காலி செய்யச் சொல்லப்போகிறார்கள்?

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், சண்டை வராமல் கொடு.

உன் அக்கா.

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடைக்காரர் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறவராம். நிஜத் தரகர் மணிக்கூண்டின் மறுபக்கம் நின்று பார்த்துவிட்டு, தான் காட்டவிருந்த வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இவ்வளவு எழுதிய தாளைக் கிழிக்க மனமில்லை. மேலே உள்ளதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நேராக இங்கே வந்துவிடுங்கள். முன்னறையை ஒழித்துவைத்துவிட்டேன். போன தடவை சமையலறையில் நாம் போட்ட சண்டையை நினைத்துத் தயங்காதே. காலையில் அடுப்பு உனக்கு, மாலையில் எனக்கு. உப்பு மட்டும் இரண்டு வேளையும் நான் போடுகிறேன்.