பாசிர் கூடாங் பஸ்ஸில் என் இரண்டு வயதுகள்

எங்கள் ஊர்ப் பக்கம் என் தலைமுறை ஆண்களுக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று அம்மா பெற்றது. இன்னொன்று தலைமை ஆசிரியர் எழுதியது. என் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். (ஊர் மருத்துவச்சி அன்றைக்குச் சோறு தண்ணி இல்லாமல் ஓடியிருக்க வேண்டும்.) என்னை எட்டு வயதில்தான் பள்ளியில் சேர்த்தார்கள். நான் நோஞ்சான். தலைமை ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐந்து வயதுக்கு மேல் நம்ப முடியாது என்று முடிவு செய்து, அதற்குத் தோதாக ஒரு பிறந்த தேதியை எழுதிவிட்டார்.

அந்த மூன்று வருட வித்தியாசம் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. சொல்லப்போனால், அரசு வேலையில் மூன்று வருடம் கூடுதலாக உட்கார வைத்தது. வேலைக்குச் சான்றிதழ் வயது, கல்யாணம் காட்சிக்கு ஜாதக வயது. இரண்டையும் நான் ஒருபோதும் ஒரே இடத்தில் சந்திக்க விட்டதில்லை. சந்தித்தது ஒரே ஒரு தடவை, மலேசியாவில், ஜோகூரில், ஒரு பஸ்ஸின் படிக்கட்டில்.

என் மகன் கார்த்தி ஜோகூரில், செனாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அங்கே காயத்திரி என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. பல மாதம் கெஞ்சி, கொஞ்சி, சாப்பிடாமல் இருந்து (போனில் அப்படித்தான் சொன்னான்) எங்களைச் சம்மதிக்க வைத்தான். பெண்ணின் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. "அவர் ரொம்ப நேர்மையான ஆளுப்பா. சின்னப் பொய் சொன்னாலும் ஆகாது. நீங்க கொஞ்சம் கம்மியா பேசுங்க" என்று விமான நிலையத்திலேயே காலில் விழாத குறையாகச் சொன்னான். நான் என்ன பொய் சொல்லப் போகிறேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பெண்ணின் அப்பா பெயர் லெட்சுமணன். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மீசைகூட அளந்து வெட்டியது போல இருக்கும். அவர் வீட்டுக்குப் போன முதல் நாள் மாலை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ற மரியாதையில் என்னை "அண்ணே, அண்ணே" என்றார். நானும் பெருமையாக, "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு சார்" என்றேன். என் மனைவி சரோஜா தன் பங்குக்குப் போன வருடம் நடந்த எங்கள் மணிவிழாப் படங்களை மொபைலில் காட்டினாள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உதைக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

"சந்தோஷம்ணே. நாளைக்கு ஜேபி டவுன் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு, அங்கயே தட்டு மாத்திக்கலாம்" என்றார் லெட்சுமணன். (ஜோகூரின் தலைநகரை அங்கே ஜேபி என்கிறார்கள்.) கார்த்தியின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதை அணைத்த பெருமை என்னையே சேரும்.

மறுநாள் காலை, "காடி வேணாம்ணே, டவுன்ல ஒரே ஜாம். பஸ்ல போலாம்" என்றார். காயத்திரி நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. தேங்காய், பழம், வெற்றிலை, பெண்ணுக்கு எடுத்த பட்டுப்புடவை எல்லாம் வைத்த பையைச் சரோஜா குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டாள். பஸ் வந்தது. லெட்சுமணன் முதலில் ஏறி, தன் அடையாள அட்டையை (அங்கே அதை ஐசி என்கிறார்கள்) ஓட்டுநரிடம் காட்டினார். பாதிக் கட்டணம்தான் வாங்கினார்கள். திரும்பி எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், மந்திரி பதவி கிடைத்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

"அறுபது ஆயிடுச்சில்ல. இங்க எங்கள 'வார்கா எமாஸ்'னு சொல்வாங்க. தங்கக் குடிமக்கள்" என்றார்.

என் காதில் 'தங்கம்' மட்டும்தான் விழுந்தது. 'குடிமக்கள்' விழவில்லை. என்னை அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதருக்கே பாதி டிக்கெட் என்றால், அண்ணனாகிய நான் முழு டிக்கெட் வாங்குவதா? காசு பெரிய விஷயமே இல்லை, அந்த ஊர்க் காசில் ஒரு டீகூட வராது. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சிரிப்பு.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டுநரிடம், "சீனியர் சிட்டிசன், ஒண்ணு" என்றேன்.

ஓட்டுநர் நம்ம ஆள்தான், தமிழர். "அங்கிள், அது வந்து இங்க..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கும் அறுபது ஆயிடுச்சு தம்பி. அறுபத்தொண்ணு."

"இல்ல அங்கிள், நான் என்ன சொல்றேன்னா..."

"நம்பலையா? ஆளப் பாத்தா தெரியல இல்ல? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." (யாரும் சொன்னதில்லை.)

"அப்பா, வாங்க, நான் முழு டிக்கெட் எடுக்கறேன்" என்று கார்த்தி சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, சரோஜாவிடமிருந்து மொபைலை வாங்கி, மணிவிழாப் படத்தை ஓட்டுநர் முகத்துக்கு நேரே நீட்டினேன். நானும் அவளும் கழுத்தில் மாலையோடு, தலையில் கலசத் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிற படம். முன் சீட்டில் இருந்த மலாய் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, இப்போதுதான் கல்யாணம் ஆனது என்று நினைத்து, மனதார வாழ்த்தினார். சரோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் நைட் ஷிப்ட் முடிந்த பையன்கள் வரிசையாக வெயிலில் நின்றார்கள். "அலமாக், சீக்கிரம் லா!" என்று ஒரு குரல் சலித்துக்கொண்டது. பின்னால் இன்னொரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. எனக்கு மேலும் வேகம் வந்தது.

இந்த இடத்தில்தான் லெட்சுமணன் எனக்கு உதவி செய்ய வந்தார். பாவம், விருந்தாளி அவமானப்படக் கூடாது என்ற நல்லெண்ணம். "தம்பி, இவரு நம்ம சொந்தக்காரரு. பொய் சொல்ற ஆளு இல்ல. அண்ணே, பாஸ்போட்ட குடுங்க, காட்டிருவோம்" என்றார்.

குடுத்தேன். 

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டைப் பிரித்தார். ஆயுள் முழுக்க ஆலையில் எச்சரிக்கைப் பலகைகளைப் படித்த மனிதர். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். விரல் பிறந்த தேதியில் வந்து நின்றது. உதடு அசைந்து கணக்குப் போட்டது. பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, இதுல அம்பத்தெட்டுதானே வருது?" என்றார்.

அப்போது நான், 'ஆமாம் சார், ஏதோ தப்பு' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கடவுள் அந்த அளவுக்கு எனக்கு அறிவு கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

"அது பொய் வயசு சார்!" என்றேன், பஸ் முழுவதும் கேட்கும்படி.

"பாஸ்போட்ல பொய்யா?"

"சர்டிபிகேட்லயே பொய்தானே சார். அத வெச்சுத்தான் கவர்மென்ட் வேலை. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாருமா?" என்றார் லெட்சுமணன். அவர் பார்வை மெல்லத் திரும்பி கார்த்தி மேல் போய் நின்றது.

அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அப்பனுக்கு இரண்டு வயது என்றால் பையனுக்கு எத்தனை? படிப்பு நிஜமா? சம்பளம் நிஜமா? நான் படிக்கட்டில் நின்றபடி என் மகனின் கல்யாணத்தை என் கையாலேயே கிழித்துப் போட்டிருந்தேன்.

லெட்சுமணன் பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் நீட்டினார். "காகிதத்துல என்ன இருக்கோ அதான் கணக்கு" என்றார். தூக்கிவாரிப் போட்டது. தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பிரிவு என்னுடையது. பொக்கை வாயோடு வந்து நிற்கிற கிழவிகளிடம் நான் நாள் தவறாமல் சொல்கிற வாக்கியம் அது. சொல்கிற பக்கத்தில் இருக்கும்போது அது அவ்வளவு வலிக்கிற வாக்கியமாகத் தெரிந்ததில்லை.

அப்போதுதான் ஓட்டுநருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. "அங்கிள், நான் மொதல்லேருந்து இதத்தான் சொல்ல வந்தேன். பாதி டிக்கெட்டு இந்த ஊரு சிட்டிசனுக்கு மட்டும்தான் லா. வெளிநாட்டு ஆளுக்கு நூறு வயசானாலும் புல் டிக்கெட்டுதான்."

ஆக, நான் அம்பலப்படுத்திய இரண்டு வயதில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

கார்த்தி மூன்று பேருக்கும் முழுக் கட்டணம் கொடுத்தான். லெட்சுமணன் முன்னால் தனியாகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். ஷிப்ட் பையன்கள் என்னைத் தாண்டிப் போகும்போது நெருக்கியதில் பையிலிருந்த வாழைப்பழம் நசுங்கி, பட்டுப்புடவையின் உறை மேல் வழிந்தது. சரோஜா அதைத் துடைக்கக்கூட இல்லை.

அந்தப் பயணம் போல ஒரு பயணத்தை என் எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன். எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும் ஜன்னலில் போய்க்கொண்டே இருந்தன. லெட்சுமணனின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கார்த்தி கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க பேசாம இருந்திருந்தா போதும்ப்பா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகிற குரலில் சொன்னான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அப்படியே நடந்து ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். நடுவில் கடல் இருப்பது மட்டும்தான் தடையாக இருந்தது.

கோயில் வாசலில் காயத்திரி தலை நிறையப் பூவோடு நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவள் முகமும் வாடியது. மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. தாம்பாளத்தை யாரும் வெளியே எடுக்கவில்லை.

லெட்சுமணன் நேராக விஷயத்துக்கு வந்தார். "கோச்சுக்காதீங்க. எனக்கு ஒரே பொண்ணு. கார்த்தியோட பொறந்த பத்திரம், படிச்ச பத்திரம் எல்லாம் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

"என்ன ஆச்சுப்பா?" என்றாள் காயத்திரி. அவர் நடந்ததைச் சொன்னார். குறை சொல்ல முடியாது, ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. நான் பாயில் இருந்த ஓட்டைக்குள் போய்விட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயத்திரி முழுவதும் கேட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, ஒங்க ஐசி கதைய நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

லெட்சுமணனின் மீசை ஒரு பக்கமாகக் கோணியது. "அது வேற, இது வேற லா."

"என்ன வேற? சொல்லுங்கப்பா."

அவர் நீண்ட நேரம் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "நான் பெக்கோக் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவன். எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்து, கைக்குழந்தையிலயே போய்ட்டான். அவனுக்கு சூராட் பெரானாக் எடுத்து வெச்சிருந்தாங்க." (பிறப்புப் பத்திரத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.) "மூணு வருஷம் கழிச்சு நான் பொறந்தேன். மறுபடி ஆபீசுக்கு அலையறதுக்கு எங்கப்பாவுக்கு எங்க லீவு? அவன் பத்திரத்தையே எனக்கு வெச்சுட்டாரு. பேரும் அவன் பேருதான்."

சரோஜாதான் முதலில் கணக்குப் போட்டாள். "அப்ப உங்களுக்கு..."

"அம்பத்தேழு" என்றார் லெட்சுமணன், மிகச் சின்னக் குரலில்.

எனக்குப் பாதி டிக்கெட் ஞாபகம் வந்தது. அந்த மந்திரிச் சிரிப்பும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிக் காட்ட நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே சொன்னார்: "கார்டக் காட்டும்போதெல்லாம் அவன ஒரு தடவ நெனைச்சுக்குவேன்ணே. அவனுக்குத்தானே அறுபது."

பிறகு அவர் மகளைப் பார்த்தார். கார்த்தியைப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரியில பொறந்தியா?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள். கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க" என்றான் கார்த்தி.

"அப்ப தட்ட எடுங்க" என்றார்.

நசுங்கிய வாழைப்பழத்தோடுதான் தட்டு மாற்றினோம். நிச்சயதார்த்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல நிற்கிறேன். எனக்கு உயிர் திரும்பி வந்தது அதற்கு அடுத்த நாள்தான்.

இப்போது என் பாஸ்போர்ட்டுக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஜோகூருக்குப் போகும்போதெல்லாம் லெட்சுமணன் என்னை வம்பாக அதே பஸ்ஸில்தான் அழைத்துப் போகிறார். ஏறியதும் தன் அட்டையைக் காட்டிவிட்டு, என் பக்கம் கையை நீட்டி, கடைசி சீட்டு வரை கேட்கிற குரலில், "தம்பிக்கு ஒரு புல் டிக்கெட்!" என்பார். காகிதத்தில் நான் அவருக்கு இளையவன், என்ன செய்வது? கார்த்தியும் காயத்திரியும் பின்னால் நின்று, பார்க்காதது போலச் சிரிப்பார்கள்.

நான் வாயே திறப்பதில்லை. இறங்குகிற இடம் வந்ததும் அவர் முதலில் இறங்கி, படிக்கட்டுக்குக் கீழே நின்று கையை நீட்டுவார்.

"பாத்து எறங்குங்கண்ணே."