தட்டைப் பார்த்தால் வரும் தலைவலி

வெட்கம் கெட்டவர்கள் செய்யும் காரியங்களைவிட, வெட்கப்படுகிறவர்கள் செய்யும் காரியங்கள்தான் மோசமானவை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஈப்போவில் கல்லூரிக்குப் போன புதிதில், ஒரு தட்டு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் முன்னால் உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன்.

எங்கள் வீடு மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. அப்பா தேயிலை ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. லயத்தில் பெரும்பாலும் மாரியம்மன் கோயில்காரர்கள். நாங்களும் இன்னும் சில குடும்பங்களும் மட்டும் மேட்டில் இருந்த சின்ன ஜெப வீட்டுக்காரர்கள். சாப்பாட்டுக்கு முன் அப்பா செய்யும் ஜெபம் தோட்டம் முழுக்கப் பிரசித்தம். சோற்றுக்கு நன்றி சொல்லி ஆரம்பித்து, ஆலை இயந்திரம், மழை, மேனேஜரின் முதுகுவலி, கம்போங் ராஜாவிலிருந்து இறங்கும் லாரிகளின் பிரேக் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் ஆமென் வரும். எங்கள் ஊர்க் குளிரில் அதற்குள் கோழிக் குழம்பின் மேல் ஆடை கட்டியிருக்கும். (பக்கத்து வீட்டு அக்கா, "அண்ணன் ஆமென் சொல்லிட்டாரா, வரலாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.)

கல்லூரிக்குக் கிளம்பிய அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். "என்ன வேணா படி எஸ்தர். ஆனா ஜெபம் பண்ணாம சோத்துல கை வைக்காதே. அதை விட்டேன்னா ஒவ்வொண்ணா விட்டுருவே."

லயத்தில் நின்று சரி என்று சொல்வது சுலபம். கல்லூரி கன்டீனில் கண்ணை மூடுவது அப்படி இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் என்னை மட்டுமே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. (அவர்கள் பார்த்ததெல்லாம் பொரித்த கோழியை என்பது பிற்பாடுதான் புரிந்தது.) அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக் கூடாது, யார் கண்ணிலும் படவும் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முழங்கைகளை மேசையில் ஊன்றி, நெற்றியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்தபடி கண்ணை மூடிவிடுவேன். பார்ப்பவர்களுக்குத் தலைவலி, பரலோகத்துக்கு ஜெபம். பைபிளில், ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபம் செய்ததற்காகச் சிங்கக் கெபியில் போடப்பட்டவருக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே என்று பரிதாபம்கூடப் பட்டேன்.

என் அறைத்தோழி கவிதா. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் தோட்டம் போட்டிருப்பவரின் மகள். தினமும் காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் வகுப்புக்கு வருவாள்.

"ஏன் லா, தலை வலிக்குதா?" என்றாள் முதல் நாளே.

"லேசா" என்றேன்.

என்னைக் கெடுத்தது அந்த 'லேசா'தான். அன்றிலிருந்து அவள் என் தட்டைத் தூக்கி வந்தாள், சுடுதண்ணீர் வாங்கி வந்தாள், தைலப் புட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு என் நெற்றியில் தேய்த்துவிட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அன்பாக இருக்க இருக்க, சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. அந்தப் பருவம் முழுக்க என் ஜெபங்கள் கண்ணீரோடுதான் ஏறின. தைலம் அப்படி.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கவிதா, அவள் அப்பாவின் லாரியில் ஒரு மூட்டை முட்டைக்கோஸோடு எங்கள் லயத்தில் வந்து இறங்கினாள். அம்மா சோறு போட்டார். அப்பா ஜெபத்தை ஆரம்பித்தார். என் வீடு என்பதால் நான் நிம்மதியாகக் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமென் வந்ததும் கவிதா என் முகத்தையே பார்த்தாள்.

"அங்கிள், இன்னிக்கி இவளுக்கு வலி வரல பாத்தீங்களா?"

"என்ன வலி?" என்றார் அப்பா.

"சாப்பாட்டுக்கு முன்னாடி வருமே. தட்டைப் பாத்தாலே தலையைப் பிடிச்சுக்குவா. தினமும். உங்களுக்குத் தெரியாதா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. என் வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"மறைக்காதே எஸ்தர், அம்மாதானே" என்று கவிதா என் முதுகைத் தடவினாள். "அம்மன் கோயில்ல இவ பேருக்கு அர்ச்சனைகூடப் பண்ணிட்டேன் ஆண்ட்டி. நட்சத்திரம் தெரியல, என்னோடதையே சொல்லிட்டேன். வலி நிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை காலையில பட்டினி இருக்கேன்னும் வேண்டியிருக்கேன்."

இல்லாத ஒரு தலைவலிக்காக, அவள் நட்சத்திரத்தில் என் பெயருக்கு அர்ச்சனை நடந்திருக்கிறது. இந்தப் பிள்ளை பசியோடு பாடம் கேட்டிருக்கிறது.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். "படிப்பு வேணாம். பிள்ளை உசுரு போதும். நிறுத்திரலாம்."

"நாளைக்கு சபையில ஜெபம் பண்ணுவோம். அப்பறம் ஸ்கேன் எடுத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் அப்பா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பயத்தில் சோற்றைத்தான் விழுங்கினேன்.

மறுநாள் ஜெப வீட்டில் நடுவே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். முன் வரிசையில் அம்மா. அம்மா கூப்பிட்டு வந்த கவிதா பக்கத்தில், வழக்கமான திருநீற்றோடு. போதகர் என் தலையில் எண்ணெய் பூசிக் கையை வைத்தார்.

"எப்பம்மா வலிக்கும்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி, ஐயா."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

தலையில் போதகரின் கை இருக்கும்போது பொய் வராது போலிருக்கிறது. "ஆமென் சொல்ற வரைக்கும்" என்றேன்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஜெபம்தான் பண்ணேன் ஐயா. யாராச்சும் பாத்தா வெட்கம். அதான் தலைவலி மாதிரி..." என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போதகர் கையை எடுக்கவும் மறந்துபோய் நின்றார்.

கவிதாதான் எழுந்தாள். "அப்ப வெள்ளிக்கிழமை நான் பசியோட இருந்ததெல்லாம் சும்மாவா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நான் திருநீறு பூசிக்கிட்டுத்தானே தினமும் உன் எதிர்ல உக்காந்தேன். என் முன்னாடியா உனக்கு வெட்கம்?"

அன்று கேட்ட பிரசங்கம் எதுவும் எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் சுடுகிறது. அழுதேன், அந்த ஒரு தடவைதான் தைலம் இல்லாமல்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் அவளிடம் பேசினார். "அவ போயி படிக்கட்டும். ஆனா நீ பாத்துக்க கவிதா. கையைக் கீழ இறக்கி ஜெபம் பண்றாளான்னு எனக்கு நீதான் சொல்லணும்."

இப்படியாக, என் விசுவாசத்துக்குக் காவலாக எங்கள் சபை நியமித்தது ஒரு மாரியம்மன் பக்தையை. கல்லூரி திறந்ததும் கன்டீனில் கையைக் கூப்பினேன். ஒருவரும் திரும்பவில்லை. கவிதா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். படிப்பு முடியும்வரை அப்படித்தான்.

வருடங்கள் ஓடிவிட்டன, எங்கள் வீட்டில் இப்போது ஜெபம் என்ற வார்த்தையே இல்லை. சோறு போட்டதும் அப்பா, "இன்னிக்கி யாருக்குத் தலைவலி?" என்பார். யார் முறையோ அவர் கை தூக்குவார். அதைக் கேட்டே வளர்ந்த என் மகள் போன மாதம் பாலர் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு நாள் வேலை நேரத்தில் அவள் டீச்சர் பதற்றமாகப் போன் செய்தார். "உங்க வீட்டுல எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு முன்னாடி தலைவலி வருமாமே, பாப்பா சொல்றா. டாக்டரைப் பாத்தீங்களா?"

என்னைச் சுற்றி அலுவலகமே இருந்தது. இந்தத் தடவை நான் 'லேசா' என்று சொல்லவில்லை.

"அது தலைவலி இல்ல டீச்சர், ஜெபம்" என்றேன், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி.